வீட்டை விட்டு எழுப்புதல்

வாடகைக்கு இருப்பவரை வெளியேற்றுவதை யாழ்ப்பாணத்தில் ‘எழுப்புதல்’ என்று சொல்வோம். எங்கள் வீட்டில் சில வருடங்களாக அதிகம் புழங்கிய சொல் அது. கோண்டாவிலில் இருக்கும் அப்பாவின் வீட்டில், 5 வருடக் குத்தகை 2021இல் முடிந்த பிறகும் ஒரு குடும்பம் தொடர்ந்து இருந்தது. வாடகை மாதாமாதம் வங்கிக்கு வந்தது. வீட்டுக்கும் ஒரு குறைவும் இல்லை. ஆனால் அப்பாவுக்கு 78 வயது. கிரின்ஸ்டெட்டில் நவம்பர் கடைசியில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். இனி வரும் மாரிகாலங்களையாவது சொந்த வீட்டு விறாந்தையில் கழிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

இந்தக் கதை எங்களுக்கு மட்டும் உரியதல்ல. பிராண்டே அபிராமி அம்மன் கோயிலில் அன்னதானத்துக்கு இருந்தால், பக்கத்தில் இருப்பவரிடமும் இப்படி ஒரு வீடு இருக்கும். ஒருவருக்குச் சுன்னாகத்தில், இன்னொருவருக்குப் பருத்தித்துறையில். “பத்து வருசம் இருந்திட்டால் அவைக்கே சொந்தமாப் போயிடும்” என்று யாராவது பயமுறுத்துவார்கள். “பொலிசைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாமானைத் தூக்கி வெளியில போடுங்கோ” என்று வேறொருவர் சொல்வார். இரண்டுமே பிழை.

டென்மார்க்கில் இந்த விடயம் எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். இங்கே காலவரையறை போட்டு வீட்டை வாடகைக்குக் கொடுப்பதற்கே வீட்டுக்காரருக்குத் தகுந்த காரணம் வேண்டும். வெளிநாட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வருவது போல ஏதாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வரையறையையே நீதிமன்றம் ஒதுக்கிவிடலாம். காலம் முடிந்த பின்னும் குடியிருப்பவர் ஒரு மாதத்துக்கு மேல் தங்கி, வெளியேறும்படி வீட்டுக்காரரும் கேளாமல் விட்டால், ஒப்பந்தம் காலவரையறை இல்லாததாக மாறிவிடும். கேட்டும் அவர் போகவில்லையென்றால் ஃபோகெட்ரெட் எனப்படும் நிறைவேற்று நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். பூட்டை மாற்றுவது, மின்சாரத்தை நிறுத்துவது எல்லாம் வீட்டுக்காரரைத்தான் குற்றவாளி ஆக்கும். நீதிமன்ற அலுவலர் பூட்டுத் திறப்பவரோடு வரும் நாளுக்கு முன்னரே, தேவையான இடத்தில் கொம்யூனுக்கும் அறிவித்தல் போகும். ஒரு குடும்பம் தெருவுக்கு வரப்போகிறது என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

முதுகலை படிக்க லண்டனுக்குப் போனபோது இதற்கு நேர்மாறான ஒன்றைப் பார்த்தேன். 1988ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு என்று ஒரு தாளை வீட்டுக்காரர் நீட்டினார். காரணம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, இரண்டு மாதத்தில் போகவேண்டும். பரீட்சைக் காலம். நான் தனியாள், இரண்டு பெட்டியோடு போய்விட்டேன். பக்கத்து அறையில் கைக்குழந்தையோடு இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது.

இலங்கையில் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவர் பக்கம் உறுதியாக நின்றது. அது பொருந்தும் வீடுகளில், வாடகைக்காரர் இறந்தாலும் உரிமை மனைவிக்கோ பிள்ளைக்கோ தொடரலாம். அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு தலைமுறை தொடங்கிய வழக்கை அடுத்த தலைமுறை முடித்த கதைகள் பல. இப்போது 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. நொத்தாரிசு முன் எழுதிய குத்தகையின் காலம் முடிந்தும் வீட்டைத் திருப்பிக் கொடுக்காதவர் மீது, சுருக்கமான நடைமுறையில் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். குடியிருப்பவர் எதிர்வாதம் செய்வதற்கே முதலில் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறவேண்டும்.

பத்து வருடப் பயத்துக்கும் பதில் இருக்கிறது. வாடகைக்கு என்று வந்து, வாடகை கொடுத்துக்கொண்டு இருப்பவர், வெறுமனே காலம் போனதால் உரிமையாளர் ஆகிவிட முடியாது. போரால் தங்கள் காணிகளைப் பார்க்க முடியாமல் போனவர்களுக்காக 2016இல் தனியாக ஒரு சட்டமும் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான அந்தக் காலத்தைக் காட்டி மற்றவர் ஆட்சியுரிமை கோருவதை அது தடுத்தது. வாடகைப் பற்றுச்சீட்டுகளையும் வங்கிப் பதிவுகளையும் பத்திரமாக வைத்திருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. குத்தகை உறுதி நொத்தாரிசு எழுதியது. அற்றோனித் தத்துவம் சித்தப்பாவின் பெயரில் இருந்தது. “இனி வாற காசை வாடகை எண்டு எழுதாமல் நட்டஈடு எண்டு எழுதுங்கோ, வழக்குப் போட்டால் வெல்லலாம்” என்றார் சட்டத்தரணி. கனடாவில் இருக்கும் அக்காவும் அதையே சொன்னா.

அந்த வீட்டில் இருந்தவர் மயிலிட்டிக்காரர், 60 வயதை நெருங்குபவர். வழக்குக்கு முன்னால் அவரோடு ஒருதரம் கதைக்க வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக நின்றார். வட்ஸ்அப்பில் கூப்பிட்டோம். அவர் கோபப்படவில்லை. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்ததிலிருந்து தொடங்கினார். கோணாப்புலம் முகாம், பிறகு வன்னி, பிறகு வாடகை வீடுகள். “உங்கட வீடு எனக்கு ஒன்பதாவது கூரை ஐயா” என்றார். 2017இல் மயிலிட்டித் துறைமுகத்தோடு சேர்த்து ராணுவம் விட்ட காணிகளுக்குள் அவருடையதும் இருந்தது. போய்ப் பார்த்தபோது வீடும் இல்லை, கிணறும் தூர்ந்திருந்தது. புதிதாகச் சுவர் எழுப்பத் தொடங்கினார். 2022இன் நெருக்கடியில் சீமெந்து விலை ஏற, வேலை நின்றுவிட்டது. “போறதுக்கு இடம் இருக்கு. கூரைதான் இல்லை.”

அப்பா அன்று முழுவதும் அதிகம் பேசவில்லை. அவருடைய நினைவு எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் 1986இல் டென்மார்க்குக்கு வந்தார். அடுத்த வருடம் தமிழ் அகதிகளின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களை நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் கிடப்பில் போட வைத்தார். அதனால் அம்மாவும் அக்காவும் நானும் கோண்டாவிலில் குண்டுச்சத்தத்துக்குள் இருந்தோம். நாங்கள் வந்து சேர்ந்தது 1989இல். அந்த விவகாரம்தான் 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டரைப் பதவி விலக வைத்தது. 1995இல் நின்-ஹான்சனுக்கு 4 மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. இங்கே பள்ளிப் புத்தகங்களில் அதை ‘தமிழர் விவகாரம்’ என்று படிக்கிறார்கள். எங்களுக்கு அது அப்பா ஒரு வாடகை வீட்டில், மூன்று வெறுங் கட்டில்களோடு தனியே காத்திருந்த காலம்.

அந்த வாடகை வீட்டில் நாங்கள் பதினாறு வருடம் இருந்தோம். ஒரு நாளும் யாரும் எங்களை எழுப்பவில்லை. அப்பாவுக்கு வேலை போன வருடத்திலும் எழுப்பவில்லை. குடியிருப்பவரைக் காக்கும் சட்டம் இருந்த நாட்டில்தான் நான் ஒரே பள்ளியில் படித்து முடித்தேன். இப்போது நாங்கள் வீட்டுக்காரர் ஆனதும், விரைவாக எழுப்பத் தரும் சட்டத்தை வாழ்த்துகிறோம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. முதுமையில் தன் வீட்டுக்குப் போக நினைப்பவர், நீதிமன்றத் தவணைகளை எண்ணிக்கொண்டு சாகக்கூடாது. முப்பது வருடமாக அலைந்தவரையும் ஒரு தாளோடு தெருவில் விடக்கூடாது.

கடைசியில் சித்தப்பா முன்னிலையில், நொத்தாரிசிடம் ஓர் உடன்படிக்கை எழுதினோம். எட்டு மாத அவகாசம். அந்த எட்டு மாதத்துக்கும் வாடகை இல்லை. வழக்கமாகத் திறப்பைக் கொடுக்கும் நாளில் திருப்பும் முற்பணத்தை, கையெழுத்திட்ட அன்றே கொடுத்தோம். அது கூரைக்கு. குறித்த நாளில் போகாவிட்டால் புதிய சட்டத்தின் கீழ் வழக்கு என்பதையும் ஒளிக்காமல் எழுதினோம்.

“நீங்கள் காசு குடுத்து எழுப்புறியள்” என்று அக்கா சண்டை பிடித்தா. வாடகை மாதம் 25,000 ரூபா. எட்டு மாதத்துக்கு 2 லட்சம். குரோணரில் ஏறத்தாழ 4,500. யாழ்ப்பாணம் போய்வர ஒரு விமானச் சீட்டுக்கும் அது காணாது. வழக்கென்றால் சட்டத்தரணிக்கும் தவணைகளுக்கும் இதைவிடக் கூடவே போயிருக்கும்.

குறித்த நாளுக்கு இரண்டு கிழமை பிந்தி, 2025 ஜனவரியில் அவர் திறப்பைக் கொடுத்தார். வீடு கூட்டிக் கழுவியிருந்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்த மாதமே போனார்கள். மயிலிட்டியில் நடந்த குடிபூரலுக்கும் போய்வந்தார்கள். தகரக் கூரைதான், ஆனால் முற்றத்தில் நின்றால் கடல் தெரிகிறது என்று அம்மா சொன்னா.

இப்போது வேறொரு கேள்வி வந்திருக்கிறது. அவர்கள் ஏப்ரலில் திரும்பினால் நவம்பர் வரை கோண்டாவில் வீடு பூட்டிக் கிடக்கும். ஏழு மாதம் ஆள் இல்லாத வீட்டைக் கறையான் விடாது. என் மகளுக்குத் தமிழ் வாசிக்க வரும், ஆனால் அவள் அங்கே போய் இருக்கமாட்டாள். பின்பக்கத்து இரண்டு அறையை ஒரு சின்னக் குடும்பத்துக்குக் கொடுக்கலாம் என்கிறார் அப்பா. “எழுதித்தான் குடுக்க வேணும்” என்றேன். “எழுதுவம். ஆனா முதல்ல, அவைக்குப் போக ஒரு இடம் இருக்கோ எண்டு கேட்பம்” என்றார்.