பதிவேடு புகட்டிய பாடம்



வள்ளூரில் மதரஸா ஆசிரியராகப் பணிபுரியும் நான் வரலாற்றுப் பட்டதாரி. கணக்கென்றாலே அச்சம். அடிக்கடி வராத பிள்ளைகளைச் சோம்பேறிகள் எனக் கடிந்து வந்தேன். முன்பு எங்களிடம் ஓதிய மாணவி ஒருத்தி, "ஹஜ்ரத், வருகைப் பதிவேட்டைத் தாருங்கள்" எனக் கேட்டு வாங்கிச் சென்றாள். ஆறு மாத வருகையைக் கணினியில் பதிந்து, கிழமைவாரியாகப் பிரித்துக் காட்டினாள். தண்ணீர் லாரி வரும் நாட்களில்தான் பிள்ளைகள் வரவில்லை. குடத்துடன் வரிசையில் நின்றிருக்கிறார்கள்! வெட்கித் தலைகுனிந்தேன். பாட நேரத்தை மாற்றினோம்.

வணிகவியல் பிரிவில் பள்ளிப் படிப்பை முடித்த அவள், சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பில் பயில்கிறாள். இதற்கு ஜே.இ.இ. தேர்வு தேவையில்லை. 10ஆம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் பயின்று, 12ஆம் வகுப்பில் தேறிய எவரும் விண்ணப்பிக்கலாம். நான்கு வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வில் வெல்ல வேண்டும். வயது வரம்பில்லை, வருவாய் குறைந்தோருக்குக் கட்டணச் சலுகையும் உண்டு.

கணினிக்குரிய செய்முறையைக் குறிக்கும் 'அல்காரிதம்' என்ற சொல்லே, 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது. அவ்வாறிருக்க, கலைப் பிரிவு படித்தோமென்று நமக்கு நாமே கதவடைத்துக் கொள்ளலாமா? எண்களிடம் நேர்மையாகக் கேள்வி கேட்பவரே இத்துறையில் வளர்வார். நாற்பதைக் கடந்த நானும் இன்று அம்மாணவியிடம் பைத்தான் மொழியின் அரிச்சுவடி பயில்கிறேன்.