ஒரே மீட்டர், இரண்டு கணக்கு

ஆண்டாப் ஹில்லில் நின்றால் கடல் தெரியாது. கிழக்கே வடாலா உப்பளங்கள், தெற்கே சிவ்ரியின் சேற்றுக்கரை, நடுவே அரசு ஊழியர் குடியிருப்பும் நெருக்கமான சால்களும். ஆனாலும் ஜூன் பிறந்தால் இங்குள்ள தமிழர்களுக்குக் கடல் கணக்கு தேவைப்படுகிறது.

மழைக்காலத்தில் ஓதம் 4.5 மீட்டரைத் தாண்டும் நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே அறிவிக்கிறது. விடியற்காலையில் சைக்கிளில் இட்லிப் பாத்திரம் கட்டுகிறவருக்கு அந்தத் தேதிகள் முக்கியம். கடல் ஏறினால் நாலாக்களின் வாய் அடைபடும். அந்த நேரம் பார்த்து மழையும் கொட்டினால் தண்ணீர் வடிய வழியில்லை. பக்கத்து காந்தி மார்க்கெட் குளமாகும். தாழ்வான சந்துகளில் அரிசி டப்பா கட்டில் மேல் ஏறும்.

இதைத்தான் செய்தித்தாள்கள் '4.5 மீட்டர் உயர அலைகள்' என்று எழுதிவிடுகின்றன. இது அலையே அல்ல. கடல் வரைபடத்தின் அடிமட்டத்திலிருந்து அளந்த நீர்மட்டம். நிலவும் சூரியனும் இழுப்பதால் வருவது. அப்போலோ பந்தரில் 1878 முதல் பதிவுகள் உண்டு. ஒரே இடத்தில் ஓராண்டு ஒழுங்காக அளந்தாலே போதும், வரும் வருட ஓதத்தை நேரத்தோடு சொல்லிவிடலாம். கிட்டத்தட்ட பஞ்சாங்கம்.

அலை அப்படிப் பிடிகொடுப்பதில்லை. அது காற்றின் பிள்ளை. ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் காற்றின் கணிப்பை வைத்துக் கணினியில் அலையைக் கணக்கிடுகிறது. அதைச் சரிபார்க்கக் கரையோரம் ஆங்காங்கே சில மிதவைகள். ஒரு மீட்டருக்கும் குறைவான அகலமுள்ள மஞ்சள் உருண்டை, தான் ஏறி இறங்குவதைக் குறித்து அனுப்பும். அதிலிருந்து கிடைக்கும் 'அலை உயரம்' ஒரு சராசரிதான்: உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. ஆயிரம் அலைகளில் ஒன்று ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு எழும். எது அந்த ஒன்று என்று எந்த மிதவையும் சொல்லாது.

ஆண்டாப் ஹில்காரரிடம் குமரிக் கரையிலிருந்து உறவினர் போனில் 'இங்கே அலை ஒன்றரை மீட்டராம்' என்றால், 4.5-க்குப் பழகிய காதுக்கு அது அற்பம். அங்கே வருவதோ கள்ளக்கடல். தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசிய புயலின் அலைகள் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் பல நாள் பயணம் செய்து, உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் கரையேறும். கிளம்பிய இடம் தெரிவதால் நாள் சொல்ல முடிகிறது. 2024 மே மாதமும் எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துச் சென்றது.