வாடகைக்கு ஒரு விருந்து

லாங்ஸ்டன் ஹியூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த நாட்களில், அடுக்குமாடி வீடுகளின் லிஃப்டுக் கம்பிகளில் செருகிவைக்கப்பட்டிருந்த வர்ண அட்டைகளைச் சேகரித்துவந்தார். 1940-இல் வெளிவந்த 'தி பிக் சீ' என்ற சுயசரிதையில் அவ்வட்டைகளைப் பற்றி அவர் எழுதியிருக்கும் சில பக்கங்கள், அந்நூலின் சமுத்திர யாத்திரைகளையும் பாரிஸ் நகரத்து அனுபவங்களையும்விட அதிகமாக என் சித்தத்தைக் கவர்ந்துவிட்டன. இன்ன வீட்டில், இன்ன சனிக்கிழமை இரவு, 'விஸ்ட்' சீட்டாட்டக் கூட்டம் என்று எதுகை பொருந்திய ஈரடிகளோடு அட்டை அழைக்கும். நம்பிப் போனால் சீட்டுக்கட்டைக் காண்பது துர்லபம். வாசலில் சில்லறை கொடுத்து நுழைந்தால், பொரித்த மீனும், பன்றிக்காலும், மதுவிலக்குக் காலத்துக் கள்ளச் சாராயமும், விடியுமட்டும் ஓயாத ஒரு பியானோவும் காத்திருக்கும். வசூலான காசு வீட்டுக்காரனுக்கு வாடகையாகப் போய்ச் சேரும்.

கறுப்பினத்தவரை வேறு பேட்டைகளில் குடியேற விடாமல் ஒரே இடத்தில் நெருக்கி அடைத்து, அந்த நெருக்கத்தையே காரணமாக்கி அதிக வாடகை கறந்த ஊர் அது. 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தபின் வேலையும் போயிற்று. வாடகை கொடுக்க வழியில்லை என்று நான்கு பேரிடம் கை நீட்ட நாணுகிறவன், அதே நான்கு பேரை விருந்துக்கு அழைக்கக் கூசுவதில்லை. சீட்டாட்டம் என்ற அந்தச் சிறிய பொய்யில் எத்தனை கௌரவம் இருந்தது!

அவ்விருந்துகளில் ஒலித்த ப்ளூஸ் என்றாலே அழுகைப் பாட்டு என்று ஒதுக்குகிற ரசிக சிகாமணிகளிடம் எனக்குப் பொறுமை குறைவு. முதலடியில் ஒரு குறையைச் சொல்லி, இரண்டாமடியில் அதையே மறுபடியும் சொல்லி, மூன்றாமடியில் ஒரு பதிலையோ பரிகாசத்தையோ வைத்து முடிப்பது அதன் சம்பிரதாயம். இரண்டாம் தடவை சொல்லும்போதே குறை பாடுகிறவனுடையது மட்டுமாக இல்லாமல் கூடத்தில் உள்ள அனைவருக்கும் பொதுவாகிவிடுகிறது, மூன்றாமடிக்குச் சிரிப்பு எழும்புகிறது.

செல்வனாயிருந்து கெட்டவனை ஒருவரும் அடையாளம் கண்டுகொள்வதில்லை என்ற பாட்டை ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் பதிவு செய்தது 1929 மே மாதத்தில், அதாவது சந்தை சரிவதற்கு ஐந்து மாதம் முன்னதாக; எந்த ஜோசியனும் அவ்வளவு கச்சிதமாகப் பலன் சொன்னதில்லை. பலன் பாடியவர்மீதே விடிந்தது. இசைத்தட்டு வாங்குவாரில்லாமற் போக, 1931-இல் கொலம்பியா கம்பெனி அவரை விலக்கிற்று. 1933 நவம்பரில் கடைசிப் பதிவுக்கு அழைத்தவர்கள் பாட்டுக்கு 37 டாலர் 50 சென்ட் கொடுத்தார்கள். நொடித்துப்போன அந்த அம்மையார் அன்று என்ன பாடினார்? ஹார்லெமின் சனிக்கிழமைக் கும்மாளத்தைப் பாடினார்! பன்றிக்காலும் ஒரு பாட்டில் பீரும் கேட்டு, போலீஸ் வண்டி வந்தாலும் ஆட்டம் நடக்கும் என்ற தோரணையில் அவர் அதட்டுவதைக் கேட்டால், எந்தக் கடன்காரனுக்கும் சற்றுத் தெம்பு பிறக்கும்.

சிகாகோவின் தெற்குப் பகுதியில் நடந்த இத்தகைய வாடகை விருந்துகளில் ஜிம்மி யான்சியின் பியானோவுக்குத் தனிப் பெயர். ஆனால் 1939 வரை அவர் இசைத்தட்டுப் பக்கமே போகவில்லை. 1925 முதல் கால் நூற்றாண்டுக் காலம் அவருக்குச் சோறு போட்டது வொயிட் சாக்ஸ் பேஸ்பால் மைதானத்தின் புல்தரையைப் பராமரிக்கும் உத்தியோகம். எந்தச் சுருதியில் வாசித்துக்கொண்டிருந்தாலும், முடிக்கும்போது திடுமென்று ஈ-ஃபிளாட்டுக்குத் தாவி நிறுத்திவிடுவது அவர் வழக்கம். பண்டிதர்கள் இதற்கு ஏதேதோ காரணம் கற்பிக்கலாம். விடிந்தால் மைதானத்துக்கு ஓட வேண்டிய மனிதர், விருந்தாளிகளை வீட்டுக்கு அனுப்பக் கண்டுபிடித்த உபாயம் அது என்பதே என் கட்சி.