ராத்திரி வேலை

வல்லத்திராக்கோட்டையில் நான் பைலட் என்பதைப் பாதிப்பேர் நம்புவதில்லை. "பகல்ல தூங்குறவன் என்னடா பைலட்டு?" என்பார் பெரியப்பா. சாயங்காலம் சேர்ந்த பார்சல் காலையில் வேறு ஊரில் இருக்க வேண்டும். அதனால் சரக்கு விமானத்துக்கு ராத்திரிதான் வேலை. சென்னையைத் தளமாகக் கொண்ட புளூ டார்ட் விமானங்கள் 1996இலிருந்து இப்படித்தான் பறக்கின்றன. நான் புதிதாகச் சேர்ந்திருப்பது வேறு கம்பெனி. ராத்திரி ஒன்றுதான்.

அதிகாலை 2 மணியிலிருந்து 6 மணிவரை உடம்பு மிகவும் தளர்ந்திருக்கும் என்று பணிநேர விதிகளே சொல்கின்றன. எங்கள் தரையிறக்கம் பெரும்பாலும் அதற்குள்தான். அதற்காகவே ஓய்வையும் மணிக்கணக்கில் அளந்து தருகிறார்கள். அந்த மணிக்கணக்கில்தான் புதுக்கோட்டைவரை ரயிலும், அங்கிருந்து பஸ்ஸும். அறையிலேயே படுத்தால் ஊர் இல்லை. ஊருக்கு வந்தால் ஓய்வு இல்லை.

வந்ததும் தூங்கிவிடுகிறேன். அம்மா சோற்றை மூடிவைத்துவிட்டு, தெருப்பிள்ளைகளைச் சத்தம் போடாமல் விரட்டுவாள். போன தடவை கிளம்பும்போது சொன்னாள்: "அடுத்த தடவ முழிச்சிருக்க மாதிரி வாப்பா."