ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணீர்?

மே 12, சின்னமனூர்

கம்பம் பள்ளத்தாக்கில் கூலண்ட் பேச்சை எடுத்தால் முதலில் வரும் கேள்வி, "இங்க என்ன பனியா உறையுது?" நியாயமான கேள்விதான். கூலண்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்கால் தண்ணீருடன் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. குளிர்நாட்டுக்காரர்களுக்கு அது உயிர்நாடி. நமக்கு, போடிமெட்டு ஏறிப் போய் மூணாறில் ஜனவரி இரவை வண்டிக்குள்ளேயே கழித்தால் கொஞ்சம் உதவலாம், அவ்வளவுதான். வெப்பத்தைச் சுமப்பதிலும் வெறும் தண்ணீருக்கே முதலிடம். எடைக்கு எடை பார்த்தால் கலவை பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைவாகவே சுமக்கும். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், பழைய டெம்போ டிராவலருக்குள் படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் ஏற்றி ஓட்டுகிறவர் கூலண்ட்தான் ஊற்ற வேண்டும் என்பேன். குளிரை விட்டுவிடலாம், கொதிப்பும் துருவுமே காரணம்.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள். தென்பழனி தாண்டியதும் வண்டி கீழ் கியரிலேயே முனகிக்கொண்டு ஏறும்; இன்ஜின் முழு மூச்சாக உழைக்கும், முன்னாலிருந்து வரும் காற்றோ குறைவு. மேலே ஏறஏறக் காற்றழுத்தமும் இறங்கும். 1,500 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும் வரை கவலையில்லை. ஆனால் பழைய வண்டியில் மூடியின் ரப்பர்தான் முதலில் தளரும், அதை யாரும் பார்ப்பதும் இல்லை. மூடி தளர்ந்தால் வெறும் தண்ணீர் ஊற்றிய வண்டி 95-லேயே பொங்கும். பாதிக்குப் பாதி கலவை நூறைத் தாண்டித்தான் கொதிக்கும். அந்தச் சில டிகிரி, மேலே போய்ச் சேர்வதற்கும் நடுவளைவில் பானெட்டைத் திறந்து வைத்து நிற்பதற்கும் உள்ள வித்தியாசம். அதற்காகத் தளர்ந்த மூடியை அப்படியே விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. முதல் செலவு அதற்குத்தான்.

மே 13

துருவின் கதை மெதுவானது, அதனால்தான் மோசமானது. கூலண்டில் கிளைக்காலோடு துரு தடுப்பு மருந்துகளும் இருக்கின்றன. வெறும் தண்ணீரில் அவை இல்லை. கலவையில் கூலண்ட் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் அந்தக் காப்பும் போதாமல் போகும். போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படிகிற வெள்ளைச் சுண்ணாம்பு, இன்ஜினுக்குள்ளும் ரேடியேட்டர் குழாய்களிலும் படியும். ஆகவே விலை உயர்ந்த கூலண்டை வாங்கி அதில் குழாய்த் தண்ணீரைக் கலப்பது பாதி வேலை. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே சரி. (பக்கத்திலேயே ஆசிட் கேனும் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள்.)

அடுத்தது, எந்தக் கூலண்ட். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பது வீண். நிறத்துக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி கிடையாது. பார்க்க வேண்டியது ரேடியேட்டரின் உலோகம். பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் என்றால் புதிய நீண்டநாள் வகை பொருந்தும். செம்பும் பித்தளையுமாக, ஈயம் வைத்துப் பற்றவைத்த பழைய ரேடியேட்டர் என்றால் சிலிக்கேட் கலந்த பழைய வகைதான் என் தேர்வு. நீண்டநாள் வகைகளில் உள்ள கரிம அமிலங்கள் ஈயப் பற்றுக்குப் போதிய காப்புத் தருவதில்லை என்ற குற்றச்சாட்டு வெகுநாளாக உண்டு. "ஐந்து வருஷம் தாங்குமே" என்பார்கள். தாங்கட்டும், பழைய வண்டியில் ஹோஸோ வாட்டர் பம்போ அதற்குள் எப்படியும் ஒருமுறை கழற்றப்படும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது அங்கே சுமையே இல்லை. இரண்டு வகையையும் ஒன்றாகக் கலப்பதுதான் தவறு.

மே 15

"வண்டியே ஒழுகுது, காசைக் கீழ கொட்டவா?" என்பது இன்னொரு வாதம். ஒழுகலை அடைப்பதே அதற்குப் பதில். நிறமுள்ள திரவம் ஒழுகும் இடத்தில் கறை விட்டுக் காட்டிக்கொடுக்கும், தண்ணீர் காய்ந்து மறைந்துவிடும். வண்டி ஹீட் ஆனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடும் பட்டறை வழக்கம்தான் ஒழுகலைவிட ஆபத்து. சில இன்ஜின்களில் அதைக் கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். ஹீட் இன்னும் கூடும். மற்றவற்றில் இறக்கத்தில் இன்ஜின் குளிர்ந்தே ஓடித் தேயும்.

மாற்றும்போது இன்ஜின் ஆறியபின் வடித்து, நல்ல தண்ணீர் விட்டு ஓட்டி, தெளிவாக வரும் வரை அலச வேண்டும். வடித்ததை வாய்க்காலிலோ தெருவிலோ ஊற்றக் கூடாது. கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் சிறுநீரகம் போய்விடும்; முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரைத்தான் பள்ளத்தாக்கே குடிக்கிறது. மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயிலோடு கலக்காமல் தனியாக வைத்து, கழிவெடுப்பவரிடம் இன்னதென்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.