வாவிக்குள் ஒரு கச்சேரி

மட்டக்களப்பில் கச்சேரிக்குப் போகிறோம் என்றால், காணி விவகாரமா என்றுதான் கேட்பார்கள். பழைய கோட்டைக்குள் நெடுங்காலம் இயங்கிய அரசாங்கச் செயலகத்துக்கு இந்நாட்டில் அப்பெயர். நாம் சென்றதோ பாட்டுக் கச்சேரிக்கு. பாடகர்கள் மீன்கள், மேடை கல்லடிப் பாலத்தடி, பூரணை இரவு.

மாங்கேணியிலிருந்து தாயார், இல்லாள், மகன், பத்து வயது மகள் ஆகியோருடன் மாலையிலே புறப்பட்டோம். “வாசலிலே கடல் இருக்க, தண்ணீர் பார்க்க இவ்வளவு தூரமா?” என்றாள் இல்லாள். நியாயமான கேள்விதான். ஓட்டமாவடிப் பாலத்தையும் வாழைச்சேனை, கிரான், சித்தாண்டி, ஏறாவூர் ஆகியவற்றையும் கடந்து கல்லடியை அடைகையில் நிலவு ஏறியிருந்தது.

மீன்பாடும் தேன்நாடு என்று பெருமை பேசுகிறோமே, அந்தப் பாட்டைச் செவியாரக் கேட்டவர் நம்முள் எத்தனை பேர்? 1848இல் எமர்சன் தெனன்ட் என்னும் ஆங்கில அதிகாரி இவ்வாவியில் தோணியேறிக் கேட்டார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கையில் எழும் நாதத்தை ஒத்தது என எழுதினார். பாடுவது மீனன்று, ஊரியே என்றனராம் அன்றைய மீனவர். பிற்காலத்தில் லாங் அடிகளார் என்னும் இயேசுசபைத் துறவி நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பதிவு செய்தார். விபுலானந்த அடிகளோ நீரரமகளிரின் இசையெனப் பாடினார். அவர் சமாதியும் கல்லடியிலேயே உள்ளது. பாடுவது யார் என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

1924இல் கட்டிய இரும்புப் பாலத்தின் அருகே 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. போக்குவரத்துக்கு அது பெரும் வசதி. கச்சேரிக்கோ பெரும் இடைஞ்சல். தலைக்கு மேலே வண்டிகளின் இரைச்சல் ஓயவில்லை. கைத்தொலைபேசியை நீட்டிப் பதிவு செய்த மகன், “பஸ் சத்தம்தான் வருகுது, அப்பா” என்றான்.

தோணிக்காரர் சிரித்தார். துடுப்பின் ஒரு முனையை நீருள் ஆழ்த்தி, மறுமுனையைச் செவியோடு அணைக்கச் சொன்னார். நீரில் எழும் ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்கே மேற்பரப்பைக் கடந்து காற்றில் கலக்கும். மரம் வழியே அது நேராக வந்துவிடும். பள்ளிக்கூடம் காணாத மீனவர் இதனை எப்போதோ அறிந்திருக்கிறார்!

இல்லாளுக்குத் தவளைச் சத்தம் போலிருந்தது. மகனுக்கு ஒன்றுமில்லை. மகளோ, “யாரோ வீணைக்குச் சுருதி கூட்டுகினம்!” என்று கூவினாள். எமக்கு மெல்லிய ஓர் அதிர்வு கேட்டது. இசையென்று சத்தியம் செய்யத் துணியோம்.

கடைசியாகத் துடுப்பு தாயாரிடம் சென்றது. அவர் சில ஆண்டுகளாகவே செவிப்புலன் மங்கியவர். வீட்டிலே உரத்துப் பேசினாலன்றி விளங்காது. துடுப்பைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் வைத்துக் கண்களை மூடினார். நெடுநேரம் அசையவில்லை.

“அப்பம்மா நினைவிலே கேட்கிறார்” என்றான் மகன். இருக்கலாம். ஆனால், செவிக்குழலில் தடை உள்ளோர்க்கு எலும்பு வழியே ஒலி எட்டுவதும் உண்டே! அவர் முகத்தைப் பார்த்தபின் அவனுடன் வாதிட எமக்கு மனமில்லை.

“சின்ன வயதிலே கேட்டதைவிட மெலிஞ்சு போச்சு. ஆனாலும் அதேதான்” என்றார்.

பனி இறங்கியது. புறப்படலாமென்று இல்லாள் தோளைத் தொட, தாயார் கையை விலக்கினார்.

“பொறு பிள்ளை, இன்னும் முடியேல்ல.”

தோணிக்காரர் துடுப்பைக் கேட்கவில்லை. தோணியிற் கிடந்த கோலை எடுத்து மெல்ல ஊன்றலானார்.