பிள்ளைகள் உறங்கும் அறை

வீட்டிலே பிள்ளைகளுக்கென்று இடம் எங்கே என வினவினால் நம்மவரில் பெரும்பாலோர் நகைப்பர். இரவிலே பாயை விரித்தால் அதுவே இடம். காலையிலே சுருட்டினால் இடமும் ஒழிந்தது. இதற்கோர் ஆராய்ச்சி வேண்டுமோ என்பர். அண்மைவரை நாமும் அக்கட்சியைச் சேர்ந்தவர்தாம். நம்மை அதினின்றும் வெளியேற்றியது பன்னிரண்டு வயதுச் சிறுமியின் ஒரு கேள்வி.

1896-இல் டான் சாய் யான் என்பார் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைப் பயிரிட்டார். அடுத்துப் புக்கிட் அசகானிலும் பெருந்தோட்டம் கண்டார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின. கடல் கடந்து வந்த நம் முன்னோர்க்கு லயங்கள் எழுந்தன. நீண்ட ஒரே கூரை. அதன்கீழ் வரிசையாக அறைகள். பெற்றோரும் பிள்ளைகளும் வந்த விருந்தும் ஓரறையிலேயே உறங்கினர். இன்று ரப்பர் நின்ற மண்ணில் பெரும்பாலும் செம்பனை நிற்கின்றது. ஒரு செம்பனைக்கும் மற்றொன்றுக்கும் ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளி வேண்டும், நெருக்கி நட்டால் விளைச்சல் குன்றும் என்பதைத் தோட்டத்துக் கிராணியாகிய நாம் நன்கறிவோம். பிள்ளைக்கும் பிள்ளைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதையோ, நாம் எந்தப் பேரேட்டிலும் எழுதியதில்லை.

தொழிலாளர்க்கேனும் ஓர் அளவு உண்டு. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் 2019-இல் திருத்தப்பெற்று, 2020-இல் விதிகள் வெளிவந்தன. முதலாளி தரும் தங்குமிடத்தில் ஒருவர் உறங்க 3.6 சதுர மீட்டரும், பொதுக்கூடமாயின் 3 சதுர மீட்டரும் வேண்டும். 4 அங்குலத்துக்குக் குறையாத மெத்தையும், பூட்டத்தக்க அலமாரியும் வேண்டும். மலிவுவிலை அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் படுக்கையறைக்கு வகுத்த குறைந்த அளவோ 7.2 சதுர மீட்டர். அதாவது இரு தொழிலாளர்க்குரிய இடம். அதிலே மூன்று நான்கு பிள்ளைகளை அடைக்கின்றோம்!

ஆங்கிலவழியிற் பயின்ற காலத்தில், அந்நாட்டுக் கதைப் புத்தகங்களில் குழந்தைக்கென்று ஓர் அறை இருக்கக் கண்டு நாம் ஏங்கியதுண்டு. ஆகவே சென்ற ஆண்டு, நம் மகனுக்கும், நம்மிடம் தங்கிப் படிக்கும் தம்பி மகனுக்கும் ஓர் அறை அமைக்கத் துணிந்தோம். அறை பத்தடி நீளம், ஒன்பதடி அகலம். சுவரோரம் ஈரடுக்குக் கட்டில். அதனடியில் துணிக்கு இழுப்பறைகள். சன்னலடியில் கீல் வைத்த மடக்குப் பலகை, படிக்கும்போது விரிக்க, மற்றப்போது மடிக்க. மேலடுக்கில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்தல் தகாது; சுற்றிலும் தடுப்புக் கம்பி வேண்டும்; கம்பிகளின் இடைவெளி சிறுவர் உடல் நழுவாதபடி மூன்றரை அங்குலத்துக்கு உட்பட வேண்டும்; எழுந்து உட்கார்ந்தால் தலை முட்டலாகாது; கூரைவிசிறி அருகில் சுழலலாகாது, ஆகையால் சுவர்விசிறியே ஏற்றது. இவ்வாறெல்லாம் ஆராய்ந்து, தாளில் வரைந்து, ஆசாரியாரையும் அழைத்துவிட்டோம்.

அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்து நின்றவள் நம் மகள். அளந்து முடிந்ததும், "அப்பா, இதில் என் இடம் எது?" என்றாள்.

"நீ பாட்டியோடு கூடத்தில் படுத்துக்கொள்கிறாயே அம்மா, பெண்பிள்ளைதானே" என்றோம். அவள் மறுமொழி கூறவில்லை. நாடாவைச் சுருட்டி நம் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. கூடத்திலே தொலைக்காட்சி ஓயும்வரை அவள் கண்ணயர முடியாது. விருந்தினர் வந்தால் அவள் பாய்தான் முதலில் நகரும். உடை மாற்றக் குளியலறை. புத்தகம் வைக்க அரிசித்தகரத்தின் மேல்மூடி. இவை யாவும் நாள்தோறும் நம் கண்முன் நடந்தவை. ஆயினும் நாம் கண்டோமில்லை.

மறுநாள் திட்டத்தை மாற்றினோம். அறை மகளுக்கும் பாட்டிக்கும்; கூடம் பையன்களுக்கு. நம் அன்னையார் முகஞ்சுளித்து, "ஆண்பிள்ளைகளை வாசலில் போடுவதா?" என்றார். துணைவியார் அமைதியாக, "இத்தனை நாள் அவள் கிடந்தாளே அத்தை, அப்போது அது வாசலில்லையா?" என்று கேட்டார். வாதம் அத்துடன் முடிந்தது.

ஈரடுக்குக் கட்டில் வீணாகவில்லை. கீழடுக்குப் பாட்டிக்கு, மேலடுக்குத் திரையுடன் மகளுக்கு. கூடத்துச் சுவரில் இரு மடக்குக் கட்டில்களைத் திண்ணிய ஆணிகொண்டு பொருத்தினோம். பகலில் சுவரோடு நிமிர்த்திக் கொக்கியிட்டால் கூடம் முன்னிலும் அகலமாகின்றது. கொக்கி சிறு கைகளுக்கு எட்டாத உயரத்தில் இருத்தல் வேண்டும். பையன்களுக்கோ அது கப்பலில் உறங்குவது போன்ற களிப்பு.

மகள் வேண்டியது ஒன்றே: ஓர் இழுப்பறைக்குப் பூட்டு. தொழிலாளிக்குச் சட்டம் அளிக்கும் உரிமையை நம் வீட்டில் ஒரு குழந்தை கேட்டுப் பெறவேண்டியதாயிற்று! முதல்நாள் இரவு அவ்வறைக் கதவின் தாழ் விழும் ஓசை கேட்டது. அப்போதுதான், இத்தனை ஆண்டுகளில் அவள் ஒரு கதவையும் தன் விருப்பப்படி சாத்தியதில்லை என்பது நமக்கு விளங்கியது.

அன்பர்களே! இடம் குறைவென்று பலகையும் கீலும் தேடுங்கள், நன்று. ஆயின் அறையை அளக்குமுன் வீட்டிலுள்ள பிள்ளைகளை எண்ணுங்கள். நாள்தோறும் ஆட்களை எண்ணிப் பெயர்பதியும் கிராணிக்கே ஒரு பெயர் விட்டுப்போயிற்று.